ட்ரோன்ல மிசைல் மாட்டிட்டா ஜெட்டை வீழ்த்திடலாமா?

2025 நவம்பர் கடைசில துருக்கிக்காரங்க ஒரு வீடியோ விட்டாங்க. கிஸிலெல்மான்னு ஒரு ஜெட் ட்ரோன், உள்ள பைலட்டே கிடையாது, கருங்கடல் ஓரம் சினோப் பக்கத்துல ஜெட் இன்ஜின் போட்ட ஒரு டார்கெட்டை தன்னோட சொந்த ரேடார்லயே புடிச்சு, கோக்தோவான்ங்கற மிசைலை விட்டு அடிச்சிருச்சு. அந்தப் பேச்சு அடங்கறதுக்குள்ள டிசம்பர் ஆரம்பத்துல ஆஸ்திரேலியாவுல வூமேராவுல போயிங்கோட கோஸ்ட் பேட் ட்ரோன் ஏஐஎம்-120 மிசைலை விட்டு இன்னொரு டார்கெட்டை கீழ தள்ளிருச்சு. ரெண்டு வீடியோவும் ரங்கூன்ல நம்ம பசங்க போன்ல விபிஎன் போட்டு சுத்து சுத்துன்னு சுத்துச்சு. டீக்கடைல உக்காந்தா, "அண்ணே, இனிமே ஃபைட்டர் ஜெட்டுக்கெல்லாம் வேலையே இல்ல போல, ஒரு ட்ரோன்ல ரெண்டு மிசைலை மாட்டி விட்டா கதை முடிஞ்சுதுல்ல"ன்னு கேக்கறானுங்க. வேற ஊரா இருந்தா இது சும்மா பொழுதுபோக்குப் பேச்சு. உள்நாட்டுச் சண்டை நடக்கற நம்ம பர்மாவுல வானத்துல சத்தம் கேட்டா அண்ணாந்து பாக்கறதுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் இருக்கு, அதனால கொஞ்சம் விவரமாவே எழுதிடறேன்.

சுருக்கமா சொன்னா, மிசைல் மாட்டறது பெரிய விஷயமே இல்ல, அதை இருபது வருஷத்துக்கு முன்னாடியே செஞ்சு பாத்துட்டாங்க. எதிர்ல வர்றதை முதல்ல பாக்கணும், அது யாருன்னு தெரியணும், விடலாமா வேணாமான்னு ஒருத்தன் சட்டுன்னு முடிவு பண்ணணும், சிக்கல் பூரா அங்கதான். இன்னொண்ணு, மிசைல் வெச்ச ட்ரோன் ஃபைட்டர் ஜெட்டை ஜெயிக்கணும்னே அவசியம் இல்ல. தாழ்வா மெதுவா பறக்கறவனுக்கு ஒரு பயத்தைக் காட்டினாலே அது வாங்குன சம்பளத்துக்கு வேலை செஞ்ச மாதிரி.

முதல்ல 2002 கதை. 1991 சண்டைக்கு அப்புறம் ஈராக்கோட வடக்குலயும் தெற்குலயும் ஈராக் விமானமே பறக்கக் கூடாதுன்னு அமெரிக்காக்காரன் தடை போட்டு வெச்சிருந்தான், அங்க வேவு பாக்க ப்ரெடேட்டர் ட்ரோனைச் சுத்த விட்டிருந்தான். ப்ரெடேட்டர்ங்கறது பின்னாடி ஒரு ப்ரொப்பெல்லர் வெச்ச ஒல்லியான வண்டி, சாதாரணமா மணிக்கு 130 கிலோமீட்டர் வேகம், முக்கி முக்கி ஓட்டினா 217. சதாம் ஆளுங்களுக்கு அது சுலபமான இரை, முன்னாடியே ரெண்டு மூணு காணாமப் போயிருந்துச்சு. சரி, சும்மா சாகறதுக்கு ஒரு கடியாவது கடிச்சுட்டு சாகட்டும்னு அதுல ஸ்டிங்கர் மிசைலை மாட்டினாங்க. ஸ்டிங்கர்னா தோள்ல வெச்சு விடுவாங்களே, ஆப்கானிஸ்தான்ல ரஷ்யா ஹெலிகாப்டரைப் படாதபாடு படுத்தினது, அதேதான், மிசைல் மட்டும் பத்து கிலோ வெயிட்டு, ரெக்கைக்கு அடியில மாட்டினா ப்ரெடேட்டர் தாங்கும்.

அந்த வருஷம் டிசம்பர் 23-ஆம் தேதி ஈராக்கோட மிக்-25 ஜெட் ஒண்ணு அதைத் தேடி வந்துச்சு. மிக்-25 மணிக்கு 3000 கிலோமீட்டர் போகக்கூடிய ராட்சசன். ட்ரோனோட கேமராவுலயே அந்த வீடியோ இருக்கு, பின்னாடி அமெரிக்க டிவிலயும் போட்டாங்க. ரெண்டும் மாத்தி மாத்தி மிசைல் விடுது, புகைக்கோடு ஒண்ணை ஒண்ணு பாத்து வருது. ஸ்டிங்கர் சூட்டைப் பாத்து ஓடற மிசைல் இல்லையா, எதிர்ல வர்ற மிக்கோட மிசைல்லயும் நெருப்பு இருக்கு, அதைப் பாத்ததும் இது குழம்பி அந்தப் பக்கம் திரும்பிடுச்சு. மிக்கோட மிசைல் குழம்பல. வீடியோ அத்தோட கட். ஆள் இல்லாத விமானமும் ஆள் இருக்கற விமானமும் ஒண்ணு மேல ஒண்ணு மிசைல் விட்டுக்கிட்ட முதல் சண்டைன்னு இதைத்தான் சொல்றாங்க.

இதைவிட மனசுல நிக்கறது 2008 ஏப்ரல் 20, ஜார்ஜியா நாட்டோட ஹெர்மெஸ் 450 ட்ரோன், ஜார்ஜியாவுலேர்ந்து பிரிஞ்சு நிக்கற அப்காஸியா மேல பறக்கும்போது நடந்தது. அதுல ஆயுதமே இல்ல, கேமரா மட்டும்தான். வீடியோவுல ஒரு மிக்-29 குறுக்க வருது, ரெக்கைக்கு அடியிலேர்ந்து ஒரு புள்ளி கழண்டு விழுது, புகை நேரா கேமராவைப் பாத்து வளைஞ்சு வருது, அப்புறம் திரை பூரா இரைச்சல். ரஷ்யா நாங்க இல்லன்னு சொல்லுச்சு, ஐநா பார்வையாளர்கள் ரஷ்ய விமானம்தான்னு அறிக்கை குடுத்தாங்க. அந்த ட்ரோனை ஓட்டிட்டு இருந்தவன் தன் சாவை தானே டிவில பாத்த மாதிரி பாத்திருக்கான், ஒண்ணும் பண்ண முடியல. 2023 மார்ச்ல கருங்கடல் மேல அமெரிக்காவோட எம்க்யூ-9 ரீப்பர் ட்ரோன் மேல ரஷ்யாவோட சு-27 ஜெட் எரிபொருளை ஊத்தி, ப்ரொப்பெல்லர்ல இடிச்சு, கடைசில கடல்லயே இறக்கிட வேண்டியதாப் போச்சு. அதுக்கு மிசைல்கூடத் தேவைப்படல. ட்ரோனுக்கு ஒரு பல்லாவது இருந்தா இப்படி கிட்ட வந்து விளையாடுவானாங்கற கேள்வி அங்கேர்ந்துதான் பெருசாச்சு.

சரி, பல்லு வெச்சாலும் ஏன் கடிக்க முடியல? ரீப்பர், ப்ரெடேட்டர் மாதிரி ட்ரோன்களோட கேமரா கீழ தரையைப் பாக்கறதுக்குன்னு செஞ்சது. தூரத்துல இருக்கற ஒரு வண்டியோட நிறத்தைக்கூட சொல்லும், ஆனா பாக்கற பரப்பு ரொம்பச் சின்னது, சாவித் துவாரத்துல கண்ணை வெச்சுக்கிட்டு தெருவுல யார் வர்றாங்கன்னு பாக்கற கதைதான். பின்னாடியோ மேலயோ ஒருத்தன் வந்தா தெரியவே தெரியாது. ஃபைட்டர் ஜெட்ல மூக்குலயே ரேடார் இருக்கு, நூறு கிலோமீட்டருக்கு அப்பால வர்றதையும் புடிக்கும், அது போதாதுன்னு பைலட் தலையைத் திருப்பற பக்கம் மிசைலும் திரும்பிப் பாக்கற ஹெல்மெட் வேற. பாக்கறதுல தோத்தவன் சண்டைல பாதி தோத்தாச்சு.

அடுத்தது நேரம். அமெரிக்கா ட்ரோனை நெவாடாவுல உக்காந்து சாட்டிலைட் வழியா ஓட்டறாங்க, சிக்னல் போயிட்டு வர ஒரு செகண்டுக்கு மேல ஆகுது. தரையில நிக்கற கட்டடத்தை அடிக்க அது ஒரு பொருட்டே இல்ல. ஆனா மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்துல வர்ற ஜெட் ஒரு செகண்டுல 250 மீட்டர் போயிடும். ஸ்க்ரீன்ல நீங்க பாக்கற இடத்துல அவன் இல்ல, நீங்க பட்டனை அமுக்கி அந்த உத்தரவு போய்ச் சேரும்போது இன்னும் தள்ளி எங்கயோ இருப்பான். அதனாலதான் வானச் சண்டைக்குன்னு வர்ற ட்ரோன்ல பறக்கற வேலை, திரும்பற வேலை, குறி வைக்கற வேலை எல்லாத்தையும் உள்ள இருக்கற கம்ப்யூட்டர்கிட்டயே விட்டுட்டு, விடலாமா வேணாமாங்கறதை மட்டும் மனுஷன் சொல்ற மாதிரி வைக்கப் பாக்கறாங்க.

இன்னொண்ணு நிறையப் பேர் யோசிக்கறதில்ல. மிசைலோட தூரம்ங்கறது மிசைல்ல மட்டும் இல்ல, அதை எங்கேர்ந்து விடறோம்ங்கறதுல இருக்கு. ஏஐஎம்-120-ஐயே எடுத்துக்கங்க. நாசாம்ஸ்னு தரையில நிக்கற லாஞ்சர்லேர்ந்து அதே மிசைலை விட்டா சுமார் 25 கிலோமீட்டர்தான். 12 கிலோமீட்டர் உயரத்துல, சத்தத்தைவிட வேகமா பறக்கற ஜெட்லேர்ந்து விட்டா 100 கிலோமீட்டரைத் தாண்டும். தரையிலேர்ந்து விட்டா மிசைலோட எரிமருந்துல பாதி மேல ஏறவும் அடர்த்தியான காத்தைக் கிழிக்கவும் செலவாகுது, மேல அந்தச் செலவெல்லாம் ஜெட்டே ஏற்கனவே குடுத்துடுச்சு. ப்ரொப்பெல்லர் ட்ரோன் மெதுவா, நடுத்தர உயரத்துல போகுது, அதுல மாட்டின மிசைலுக்குக் கிடைக்கற உந்துதல் கம்மி. அதனால எதிரி ஜெட் தூரத்துல நின்னுக்கிட்டே இதை அடிப்பான், இதோட மிசைல் அவன்கிட்ட போறதுக்குள்ள மூச்சு வாங்கி விழுந்துடும்.

ஆனா ட்ரோனுக்குன்னு ஒரு வரம் இருக்கு, அதை 1971-லயே பாத்துட்டாங்க. அமெரிக்காவுல ஃபயர்பீங்கற டார்கெட் ட்ரோனைக் கொஞ்சம் மாத்தி, கடற்படையோட எஃப்-4 ஃபேன்டம் கூட சண்டைப் பயிற்சிக்கு விட்டாங்க. அது திரும்பின திருப்பத்துல ஃபேன்டம் விட்ட மிசைல் எதுவும் படல, கடைசில ட்ரோனே ஜெட்டோட பின்பக்கம் வந்து நின்னுடுச்சு. உள்ள மனுஷன் இருந்தா, வெடுக்குன்னு திரும்பும்போது உடம்பு வெயிட்டு ஒன்பது மடங்கைத் தாண்டினா (ஒன்பது ஜின்னு சொல்லுவாங்க) ரத்தம் தலைக்கு ஏறாம மயங்கிடுவான், ட்ரோனுக்கு ஏது மயக்கம். அப்போ அதை அப்படியே விட்டுட்டாங்க. எனக்குத் தோணறது, பைலட்டா வந்து ஜெனரல் ஆனவங்க கையில முடிவு இருக்கற வரைக்கும் இந்த யோசனைக்கு காசு ஒதுக்க யாருக்கும் மனசு வராது.

இப்போ நிலைமை மாறினதுக்குக் காரணம் மிசைல் இல்ல, கண்ணுதான். ரீப்பர்லேர்ந்து 2017 நவம்பர்ல சூட்டைத் தேடற மிசைல் ஒண்ணை விட்டு ஒரு சின்ன ட்ரோனை அடிச்சுப் பாத்தாங்க, 2020 செப்டம்பர்ல ஏஐஎம்-9எக்ஸ் சைட்விண்டரை விட்டு க்ரூஸ் மிசைல் மாதிரி பறக்கற டார்கெட்டை அடிச்சாங்க. ரெண்டுலயும் எதிர்ல வந்தது திருப்பி அடிக்காத பொருள், அதை மறக்கக்கூடாது. துருக்கியோட கிஸிலெல்மா ஒரு படி மேல, முராத்னு ஒரு ஏஈஎஸ்ஏ ரேடாரை (தட்டு திரும்பாமலே எல்லாப் பக்கமும் அலையைத் திருப்பற புது ரகம்) மூக்குலயே வெச்சு, தானே தேடி, தானே பூட்டு போட்டு, கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு விடற மிசைலை விட்டுச்சு. ஆஸ்திரேலியாக்காரங்க வழி வேற. கோஸ்ட் பேட் கூட ஒரு சூப்பர் ஹார்னெட் ஜெட்டும் ஈ-7ஏ வெட்ஜ்டெயில் ரேடார் விமானமும் பறந்துச்சு, எல்லாரும் தகவலைப் பங்கு போட்டுக்கிட்டாங்க, பத்திரமா பின்னாடி நிக்கற மனுஷன் உத்தரவு குடுக்கறான், முன்னாடி போய் மிசைலை விடறது மட்டும் ட்ரோன். அமெரிக்காவோட ஒய்எஃப்க்யூ-42ஏ, ஒய்எஃப்க்யூ-44ஏ ரெண்டும் இந்த ஜாதிதான், 2025-ல பறக்க ஆரம்பிச்சுது, ஒரு ஃபைட்டர் கூட துணைக்கு ரெண்டு மூணு போகணும்ங்கறது திட்டம்.

என்னைக் கேட்டா ரெண்டாவது வழிதான் சீக்கிரம் சண்டைக்கு வரும். ஆனா அதுக்குப் பின்னாடி பெரிய ரேடார் விமானம், விமானங்களுக்கு நடுவுல தகவல் போக நம்பகமான டேட்டா லிங்க், அந்த சிக்னலைக் குழப்ப வர்ற ஜாமரைத் தாங்கற சாமர்த்தியம் எல்லாம் வேணும். டீக்கடைல தம்பி சொல்ற "ரெண்டு மிசைலை மாட்டி விடு" இல்ல இது. பணக்கார நாட்டு விளையாட்டு.

ஏழை நாட்டு விளையாட்டு வேற மாதிரி போயிட்டு இருக்கு, எனக்கு அதுதான் சுவாரசியம். உக்ரைன்காரங்க கடல்ல ஓடற மகுரா ட்ரோன் படகுல சோவியத் காலத்து ஆர்-73 மிசைலை மாட்டி, 2024 டிசம்பர் 31-ல கிரிமியா பக்கம் ஒரு மி-8 ஹெலிகாப்டரை வீழ்த்தினதா சொன்னாங்க, அடுத்த மே மாசம் சைட்விண்டர் மாட்டி நோவோரோசிஸ்க் பக்கம் ரெண்டு சு-30 ஜெட்டையே அடிச்சோம்னாங்க. படகு எப்படி ஜெட்டை அடிக்கும்? ஜெட்டு அந்தப் படகை வேட்டையாடத்தான் தாழ்வா கிட்ட வந்துச்சு, தேடி அலைய வேண்டிய வேலையே இல்ல, இரை தானா வாசலுக்கு வந்துடுச்சு.

இதையே ரஷ்யா திருப்பிப் போட்டுச்சு. ரஷ்யா விடற ஷாஹெத்ங்கற வெடிகுண்டு ட்ரோனை வீழ்த்த உக்ரைன், மிசைல் எல்லாம் வீணாக்காம, ஹெலிகாப்டர் கதவுல மெஷின்கன் வெச்சும், யாக்-52ங்கற பழைய பயிற்சி விமானத்துல பின்சீட்ல ஒருத்தனை துப்பாக்கியோட உக்கார வெச்சும் சுட்டுத் தள்ளிட்டு இருந்துச்சு. மணிக்கு 180 கிலோமீட்டர் சுமாருக்குப் போற ஷாஹெதுக்கு அதுவே போதும். 2025 டிசம்பர் ஆரம்பத்துல ஒரு ஷாஹெத் மேல ஆர்-60 மிசைல் மாட்டி இருக்கறதா உக்ரைன்லேர்ந்து படம் வந்துச்சு. ஆர்-60 எழுபதுகள்ல வந்த 44 கிலோ மிசைல், சில கிலோமீட்டர்தான் போகும், எந்த ஃபைட்டர் ஜெட்டும் அதைப் பாத்து நடுங்கப் போறதில்ல. ஆனா ஹெலிகாப்டர் கதவுல துப்பாக்கியோட உக்காந்திருக்கறவன் நடுங்குவான். நூறு ஷாஹெத்ல ஒண்ணுல மிசைல் இருந்தாலும் எதுல இருக்குன்னு அவனுக்குத் தெரியாது, நூறையும் தூரத்துலேர்ந்துதான் பாக்கணும். ஒரு மிசைலையும் விடாமலே வேலை முடிஞ்சுது. ஈரானும் 2023 டிசம்பர்ல கர்ரார் ட்ரோன்ல மஜித்ங்கற எட்டு கிலோமீட்டர் மிசைலை மாட்டிக் காட்டினது இதே கணக்குலதான்.

இப்போ நம்ம நாட்டுக்கு வருவோம். ராணுவத்துக்கும் அதை எதிர்க்கற ஆயுதக் குழுக்களுக்கும் நடக்கற சண்டைல யார் பக்கம் நியாயம்னு எழுத நான் வரல, வானத்துல என்ன பறக்குதுன்னு மட்டும் பாருங்க. ராணுவத்துக்கிட்ட மிக்-29, சு-30, ஜேஎஃப்-17, யாக்-130, கே-8ன்னு ஜெட்டுங்க இருக்கு. மி-17, மி-35 ஹெலிகாப்டர், ஒய்-12 மாதிரி சின்ன சரக்கு விமானமும் இருக்கு. இதுக்கும் கீழ பாராமோட்டர், முதுகுல ஃபேன் கட்டிக்கிட்டு பாராசூட்ல தொங்கிட்டு வந்து கையால குண்டு போடறது. 2025 அக்டோபர் 6 ராத்திரி சௌங்ஊவுல தடிஞ்சுட் பண்டிகைக்கு விளக்கேத்திட்டு இருந்த கூட்டத்துல அப்படித்தான் விழுந்துச்சு, இருபது பேருக்கு மேல செத்தாங்க. ராணுவத்தை எதிர்க்கற பக்கத்துல ஜெட்டே கிடையாது, இருக்கறது சீனாவுலேர்ந்து வந்த ட்ரோன், அதுவும் பாதி வயலுக்கு மருந்தடிக்க வந்தது. பெகு பக்கம் நெல்லு போடற நம்ம சொந்தக்காரங்க பாத்திருப்பாங்க, ஆறு ஃபேன் வெச்சு, வயித்துல டேங்க் கட்டி, வரப்புல நிக்கற பையன் ரிமோட்டைத் தட்ட வயலுக்கு மேல ஓடிட்டு வரும். மருந்து டேங்க் கட்டற இடத்துல குண்டு கட்டினா அது வேற வண்டி.

அதுல மிசைல் கட்டி ஜெட்டை அடிக்கலாமான்னா, மேல சொன்ன எல்லாமே குறுக்க வரும். அது தூக்கற வெயிட்டு கம்மி, கண்ணு கம்மி, உயரம் கம்மி. உயரத்துல போற சு-30-க்கு அது இருக்கறதே தெரியாது. ஹெலிகாப்டர் கதை வேற. 2021 மே மாசம் கச்சின் மாநிலத்துல மோமௌக் பக்கம் ஒரு ராணுவ ஹெலிகாப்டர் விழுந்துச்சு, 2025 மே மாசம் ஷ்வேகு பக்கம் இன்னொண்ணை கச்சின் ஆயுதக் குழு எஃப்பிவி ட்ரோனால (கேமரா வழியா பாத்துக்கிட்டே ஓட்டற சின்ன ட்ரோன்) அடிச்சதா செய்தி வந்துச்சு. இந்த ரெண்டாவதுல மிசைலே இல்லாம, வெடியைக் கட்டின ட்ரோன் நேரா போய் மோதற வேலை. ஹெலிகாப்டர் எங்கயாவது இறங்கித்தானே ஆகணும், இறங்கற அந்த நேரம்தான் அதுக்கு கண்டம். சுத்தி வளைக்கப்பட்ட முகாமுக்கு அரிசியும் தோட்டாவும் ஹெலிகாப்டர்லதான் போகுதுன்னா, ஹெலிகாப்டர் தயங்கற ஒவ்வொரு நாளும் அந்த முகாமுக்கு பட்டினி. பாராமோட்டர் விஷயத்துல சூட்டைத் தேடற மிசைல் பெருசா உதவாது, அந்தச் சின்ன இன்ஜின்ல ஜெட் மாதிரி சூடு கிடையாது, லட்சக்கணக்கான டாலர் மிசைலை அதுக்கு விடறதும் கட்டுப்படியாகாது. அதுக்கு இன்னொரு மலிவு ட்ரோன்தான் பதில், உக்ரைன்ல ட்ரோனை ட்ரோனால மோதி அடிக்கற மாதிரி.

இதுல எனக்கு நிஜமாவே கவலையா இருக்கறது ஏடிஆர் விமானம். மண்டலே, மிச்சினா, லொய்கோ போறவங்க எல்லாம் ஏறற அந்த ரெண்டு ப்ரொப்பெல்லர் ஏடிஆர்தான், விமானப்படையும் அதே ஏடிஆர் வெச்சிருக்கு, பல ஊர்ல ஓடுபாதையும் ஒண்ணேதான். சூட்டைத் தேடற மிசைலுக்கு ரெண்டும் ரெண்டு இன்ஜின் சூடு, அவ்வளவுதான். ட்ரோன் கேமராவுல ராத்திரி பாத்தா ரெண்டும் ஒரே வெள்ளைப் பொம்மை. 2022 செப்டம்பர் 30 அன்னிக்கு லொய்கோவுல இறங்கிட்டு இருந்த பயணிகள் ஏடிஆர் மேல கீழேர்ந்து தோட்டா பாஞ்சு உள்ள உக்காந்திருந்த ஒருத்தருக்கு அடிபட்டுச்சு. அது தோட்டா. பெரிய ராணுவங்களே கண்ணு தெரியாம அடிச்சிருக்காங்க. 1988-ல அமெரிக்கப் போர்க்கப்பல் ஈரான் பயணிகள் விமானத்தை ஜெட்டுன்னு நினைச்சு அடிச்சதுல 290 பேர். 1994-ல ஈராக் மேல அமெரிக்க எஃப்-15 ரெண்டு, கண்ணால கிட்ட போய்ப் பாத்துட்டும் சொந்த ஹெலிகாப்டர் ரெண்டை வீழ்த்தி 26 பேர் செத்தாங்க, அந்த எஃப்-15ல உக்காந்திருந்தது பயிற்சி எடுத்த பைலட், ட்ரோன் கேமரா இல்ல.

1983-ல சோவியத் ஜெட் கொரியா விமானத்தை அடிச்சு 269 பேர் செத்த பிறகுதான், பறக்கற பயணிகள் விமானம் மேல ஆயுதம் பாய்ச்சக் கூடாதுன்னு சிகாகோ ஒப்பந்தத்துல தனியா ஒரு பிரிவு சேத்தாங்க, 1984-ல எழுதி 1998-லதான் நடைமுறைக்கு வந்துச்சு. அது கையெழுத்து போட்ட அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தும். காட்டுக்குள்ள ட்ரோன் ஓட்டறவனை யாரும் கையெழுத்து போடச் சொல்லல, தானா முடிவு பண்ற கம்ப்யூட்டரை அந்தப் பிரிவு எழுதின யாரும் நினைச்சுக்கூட பாக்கல.

அதனால அடுத்த வீடியோ வரும்போது தம்பிங்க ஒண்ணு கவனிங்க, டார்கெட் திரும்புதா, மிசைலை ஏமாத்தற சூட்டுப் பொறியைக் கக்குதா, ஜாமர் போடுதா, திருப்பி அடிக்குதா. இது வரைக்கும் வந்த டெஸ்ட்ல எல்லாம் எதிர்ல இருந்தது சொன்னபடி பறந்த டார்கெட். திருப்பி அடிக்கற ஜெட் முன்னாடி மிசைல் வெச்ச பறக்கற ட்ரோன் நின்னது, வெளியில தெரிஞ்ச வரைக்கும் 2002-ல ஒரே ஒரு தடவைதான்.